சாயத்தைப் பிடிக்கும் பழத்தோல்

பலா சீஸனில் செம்மண்டலத்திலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. சுளை பிள்ளைகளுக்கு, கொட்டை குழம்புக்கு, முள்தோல் மாட்டுக்கு அல்லது குப்பைக்கு. அந்தத் தோலுக்கு இன்னொரு வேலையும் தெரியும். தண்ணீரில் கலந்த சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்!

எப்படி?

பழத்தோலில் செல்லுலோஸும் பெக்டினும் இருக்கின்றன. ஜாம் கெட்டியாவது இந்தப் பெக்டினால்தான். தண்ணீரில் ஊறிய தோலின் மேற்பரப்புக்கு எதிர்மின் தன்மை வந்துவிடும். மெத்திலீன் நீலம் போன்ற சாயங்களுக்கு நேர்மின் தன்மை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். தோலைப் பொடித்துப் போட்டால், ஒட்டிக்கொள்ள இடம் இன்னும் அதிகம்.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி.நமசிவாயம் குழுவினர் ஆரஞ்சுத் தோலால் சாயம் நீக்கிய ஆய்வு 1996-லேயே வெளிவந்தது. பலாத்தோல் மெத்திலீன் நீலத்தைப் பிடிப்பதை மலேசிய ஆய்வு ஒன்று 2009-ல் காட்டியது.

வீட்டிலேயே பார்க்கலாம்

ஆரஞ்சுத் தோலை வெயிலில் காயவைத்துப் பொடியுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். வண்ணமீன் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தில் ஒரு சொட்டை இரண்டு டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். ஒரு டம்ளரில் மட்டும் இரண்டு ஸ்பூன் பொடி போட்டு அடிக்கடி கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துணியில் வடிகட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். பெரியவர்கள் கூட இருக்கட்டும், குடிக்கவே கூடாது.

பிறகு ஏன் சாயப்பட்டறைகள் பழத்தோலை வாங்கவில்லை?

பருத்தித் துணிக்குப் போடும் சாயங்கள் பெரும்பாலும் எதிர்மின் வகை. தோல் அவற்றை லேசில் பிடிக்காது. தண்ணீரில் அமிலம் சேர்க்க வேண்டும். சாயம் ஏறிய தோலை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி. எல்லாவற்றையும்விடப் பெரியது உப்பு. சாயம் துணியில் ஏற, உப்பைக் கிலோ கணக்கில் கொட்டுகிறார்கள். திருப்பூரில் நொய்யல் கெட்டதற்கும் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்கும் நிறம் மட்டுமல்ல, இந்த உப்பும் காரணம். பழத்தோல் உப்பைத் தொடாது.

சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழும் கடலூர்க்காரர்களுக்கு இது முக்கியம். நிறமில்லாத தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். கண்ணுக்குத் தெரியாததை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.