விழாவில் பெண்ணின் இடம்

ஆண்டு முழுவதும் விழாக்கோலம் பூணும் நகரம், கத்தலோனியாவிலுள்ள பார்சலோனா. ஜனவரி 5 மாலை மூவரசர் பவனி. ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் திருநாள். அன்று பெண்ணுக்கு ரோஜாவும் ஆணுக்குப் புத்தகமும் பரிசளிப்பது பழைய வழக்கம். பெண்ணுக்கு மலர் மட்டும் போதுமா? இன்று பெண்களும் புத்தகம் பெறுகின்றனர்.

செப்டம்பர் 24, நகரின் பாதுகாவலியாம் இரக்கத்தின் அன்னையின் பெருவிழா. அவ்விழாவில் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் எழுப்புவர். நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்த அணிகளில் 1980-களில் பெண்களும் சேர்ந்தனர். கோபுரங்கள் முன்னிலும் உயர்ந்தன! மரபும் சிதையவில்லை, 2010-இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

தோழியரே! பெண்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் விழா அரை விழாவே. அவர்களும் தோள் கொடுக்கும்போதுதான் அது ஊர் விழாவாகும் என்பதே என் கருத்து.