ஓய்வுபெறும் ராணுவ வீரர் 100 ஆடுகளோடு தொடங்கலாமா?

"என் கணவர் ராணுவத்தில் 17 ஆண்டுகள் முடித்து, வரும் ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். கிணற்றுப் பாசனத்தில் 3 ஏக்கர் நிலம் இருக்கிறது. நான் இரண்டு கறவை மாடுகள் வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி வருகிறேன். கிடைக்கும் பணத்தில் பரண் அமைத்து 100 ஆடுகள் வளர்க்கலாம் என்கிறார். பரண், ஆடுகள், தீவனக்கரணை எல்லாவற்றையும் ஒரே தவணையில் இறக்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். செய்யலாமா?"
- வாசகி ஒருவர், வேலூர் மாவட்டம்.

வேலூர் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்று அழைக்கும் அளவுக்குப் படைவீரர்கள் நிறைந்த பகுதி அது. சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலையில் இருப்பவர்களில் பலர் 35 முதல் 40 வயதுக்குள்ளாகவே ஊர் திரும்பிவிடுகிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். பணிக்கொடை, கம்யூட்டேஷன், சேமநிதி என்று ஒரு பெரிய தொகை மொத்தமாகக் கைக்கு வரும். இன்னொரு முறை வராத பணம் அது. ஓய்வு பெறுவதற்கு முன்பே தரகர் வீடு தேடி வருவதும் அதற்காகத்தான்.

100 என்ற கணக்குக்கும் ஒரு காரணம் உண்டு. தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடாய் கொண்ட பண்ணைக்கு 50 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. தரகர் அதைச் சொல்வார். வங்கிக் கடன் கிடைத்த பிறகு இரண்டு தவணைகளாகத்தான் மானியம் வரும் என்பதையும், பயிற்சியோ அனுபவமோ இருக்க வேண்டும் என்பதையும் சொல்லமாட்டார்.

தீவனக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். 100 ஆடுகளுக்கு 400 கிலோ. ஆண்டுக்கு 146 டன். கம்பு நேப்பியர் கோ-5 ஏக்கருக்கு 150 டன் கொடுக்கும் என்று புத்தகம் சொல்லும்; கோடையில் தண்ணீர் இறங்கும் கிணற்றை நம்பிய நிலத்தில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல். ஆட்டுக்குப் புல் மட்டும் போதாது. வேலிமசால், அகத்தி, சூபாபுல் போன்ற பயறுவகை, மரவகைத் தீவனங்களும் வேண்டும். ஆக, 3 ஏக்கரில் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடும். நெல்லும் கடலையும் எங்கே போடுவது? இருக்கிற இரண்டு மாடுகளுக்கு எதை அறுத்துப் போடுவது?

அடுத்தது, ஆடுகள் வரும் வழி. நாலு சந்தைகளில் சேர்த்த ஆடுகளை ஒரே லாரியில் ஏற்றி வந்தால், ஆட்டுக்கொல்லி நோயும் கூடவே ஏறி வரும். புதிதாக வாங்கிய ஆடுகளை மூன்று, நான்கு வாரங்கள் தனியே கட்டிவைத்து, குடற்புழு நீக்கம் செய்து, தடுப்பூசி போட்ட பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும். 100 ஆடுகளும் ஒரே நாளில் வந்து இறங்கினால் எதை எதிலிருந்து பிரித்து வைப்பது? பெட்டை ஆட்டின் சினைக்காலம் 5 மாதம்; குட்டி விற்பனைக்கு வர இன்னும் 6 முதல் 8 மாதம். முதல் ஒரு வருடம் செலவு மட்டும்தான்.

எனவே, 20 பெட்டை, ஒரு கிடாய் போதும். அதுவும் தீவனம் வளர்ந்த பிறகு. கம்பு நேப்பியர் முதல் அறுவடைக்கு 75 முதல் 80 நாட்கள் ஆகும். இப்போதே அரை ஏக்கரில் கரணை ஊன்றினால், அவர் பெட்டியோடு வந்து இறங்கும்போது புல் தயாராக இருக்கும்.

இனி, ஆட்டைவிட முக்கியமான சங்கதி. ராணுவத்தில் 17 ஆண்டுகள் இருந்தவருக்குத் தெரிந்தவை சாதாரணமானவை அல்ல. இருப்புப் பதிவேடு எழுதுவது, பழைய சரக்கை முதலில் எடுப்பது, கொட்டிலைக் கூட்டிச் சுத்தமாக வைப்பது, தடுப்பூசி நாளைத் தவறவிடாமல் இருப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. (ராணுவம் மாடே வளர்த்திருக்கிறது. 1889-ல் அலகாபாத்தில் தொடங்கிய ராணுவப் பால்பண்ணைகள் 2021-ல்தான் மூடப்பட்டன. 'ஃப்ரீஸ்வால்' கலப்பின மாடு அங்கே உருவானதுதான்.) ஆனால், அங்கே ரேஷன் இன்டென்ட் போட்டால் வரும், விலை பேச வேண்டியதில்லை. தெரிந்தவர் கடன் கேட்டால் மறுக்க வேண்டிய சங்கடம் இல்லை. சொன்னால் சொன்னதைச் செய்ய ஆள் இருக்கும். பண்ணையில், கூலி ஆளை அதட்டினால் மறுநாள் வரமாட்டார். சந்தையில் வியாபாரி துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்லும்போது, உயிர் எடை தெரியாதவர் ஏமாறுவார். ஒரு தொங்கு தராசு வாங்கிவிட்டுத்தான் ஆடு வாங்க வேண்டும்.

இந்த வித்தைகள் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்குத் தெரியும். பால் கணக்கு பார்ப்பது, தவிட்டுக்கடையில் பேரம் பேசுவது, மருத்துவரைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் இத்தனை ஆண்டுகளாகச் செய்துவருபவர் கேள்வி கேட்ட வாசகிதான். பண்ணைக் கணக்கும் வங்கிக் கணக்கும் இருவர் பெயரிலும் இருக்கட்டும். முதல் ஆண்டு விற்பனையை அவரே பார்க்கட்டும். கணவர் கூடவே நின்று கற்றுக்கொள்ளலாம்.

பயிற்சியை ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம், பணியின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது. பால்பண்ணை, கோழி, காளான், தேனீ போன்றவையும் உண்டு. சிப்பாய் முதல் ஜே.சி.ஓ வரை கட்டணம் கிடையாது. யூனிட் வழியாக இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த லீவில் வரும்போது, வேலூரில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்கும், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் தம்பதியாகப் போய் வரலாம். அதைவிட, பத்து நாட்கள் ஒரு ஆட்டுப் பண்ணையில் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது மேல். புழுக்கை அள்ளிப் பார்த்தவருக்குத்தான் பரண் எவ்வளவு உயரம் வேண்டும் என்று தெரியும்.

கடனுக்கு, தமிழக அரசு 2024 சுதந்திர தினத்தில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவிகித மூலதன மானியம், 3 சதவிகித வட்டி மானியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவில் வருவதால், கிராமப்புறத்தில் 35 சதவிகித மானியம் உண்டு. சொந்தப் பங்கு 5 சதவிகிதம் போதும். ஒரே பண்ணைக்கு இரண்டு மானியம் வாங்க முடியாது. ஒரு வருடம் 20 ஆடுகளை வளர்த்து, வரவு செலவு நோட்டோடு வங்கிக்குப் போனால் மேலாளர் பேசும் தோரணையே மாறும்.

"அக்னிவீரராக இருக்கும் என் தம்பிக்கும் இதெல்லாம் பொருந்துமா?" என்று அதே கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறார். நான்கு ஆண்டுகள் முடித்து வெளியே வரும் அக்னிவீரருக்கு வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆகையால், மேலே சொன்ன சலுகைகள் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வரும் வீடு ஒரு மந்தையை இழந்தாலும் தாங்கும். தம்பியின் வீடு தாங்காது. அவர் வயதுக்கு, மாவட்டத்தின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் இலவசப் பயிற்சி கிடைக்கும். பயிற்சி முடியும் வரை சேவா நிதி வங்கி வைப்பிலேயே இருக்கட்டும். தரகர் அங்கேயும் வருவார்.