கார்டில் பணம் இருக்கலாமா?

ஃபைனல் இயரில் எங்கள் குரூப் எடுத்த புராஜெக்ட், மேக்னடிக் கார்டில் இயங்கும் பொது டெலிபோன். கார்டை நுழைத்தால் டிஸ்பிளேயில் 50 என்று வரும். பேசப் பேச 49, 48 என்று இறங்கும். பூஜ்யம் வந்தால் லைன் கட்! லேபில் எல்லாரும் கை தட்டினார்கள். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் ஸார் மட்டும் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, 50 இருக்கும்போதே அதைப் படிச்சு வச்சுக்கிட்டு, கார்டு காலியானதும் திரும்ப எழுதிட்டா என்ன பண்ணுவீங்க?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதில் இல்லை!

"செல்போன் காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். முன்கூட்டியே பணம் வாங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கும் எந்த சிஸ்டத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

கார்டின் முதுகில் உள்ள காந்தப் பூச்சு, பாட்டு கேசட்டில் உள்ள அதே சமாச்சாரம்தான். கேசட்டில் அழித்துவிட்டு வேறு பாட்டைப் பதியலாம் அல்லவா? இதிலும் அப்படியே. 48 என்று எழுதத் தெரிந்த ஹெட்டுக்கு 50 என்று எழுதவும் தெரியும்.

ஜப்பானில் 1982 டிசம்பரில் கார்டு டெலிபோன் வந்தது. 500 யென் கொடுத்தால் 50 யூனிட், 1,000 யென் கொடுத்தால் 105 யூனிட். சில்லறை தேட வேண்டாம் என்பதால் மக்கள் விரும்பி வாங்கினார்கள். பாக்கி எவ்வளவு என்று காட்ட, கார்டில் டெலிபோனே சின்ன ஓட்டை போடும். ஆனால் உண்மையான கணக்கு காந்தப் பூச்சில்தான் இருந்தது. விட்டார்களா எத்தர்கள்? காலி கார்டின் ஓட்டையை அடைத்து, யூனிட்டை ஏற்றி எழுதி விற்க ஆரம்பித்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெலிபோன் கார்டும் பண மதிப்புள்ள பத்திரம்தான் என்று 1991-ல் தீர்ப்பு வந்தது. பெரிய தொகைக் கார்டுகளின் விற்பனையையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்காமல் இருப்பது நம்ம வேலை. என் கருத்து இதுதான்: குறையத் தெரிந்த கார்டுக்குக் கூடத் தெரியக்கூடாது. பிரான்ஸ் 1980-களில் சிப் கார்டுக்கு மாறியது. அதில் செலவான யூனிட்டுக்குரிய பிட்டில் ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான், பழைய நிலைக்குத் திரும்பாது. இன்னொரு வழியும் உண்டு. கார்டில் வெறும் நம்பரை மட்டும் வைத்து, கணக்கை எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வது. அப்போது கார்டை நூறு காப்பி எடுத்தாலும், மொத்தத்தில் ஒரு கார்டின் பணத்துக்குத்தான் பேச முடியும். ஆனால் ஒவ்வொரு காலுக்கும் கம்ப்யூட்டரைக் கேட்டாக வேண்டும். அந்த இணைப்பு போனால் டெலிபோனும் போச்சு.

திருடனை மட்டுமே நினைத்து டிசைன் போட்டாலும் தப்புதான். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரில் பயங்கர நிலநடுக்கம். கரண்ட் போன இடங்களில் கார்டைப் பயன்படுத்த முடியவில்லை. காசு போட்டுப் பேசலாம் என்றால், பெட்டி நிரம்பியதும் அதுவும் நின்றது. வீட்டுக்கு "உயிரோடு இருக்கேன்" என்று சொல்லத் தவித்தவனுக்கு, பையில் முழு கார்டு இருந்தும் என்ன பயன்? ஆபத்து நேரத்தில் கார்டும் காசும் இல்லாமலே பேச ஒரு வழி, டிசைனிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே ஜூனியர் தம்பி தங்கைகளே! பிளாக் டயகிராம் வரையும்போது ரீடர், மெமரி, ரிலே எல்லாம் போடுங்கள். கூடவே இரண்டு பேரை மனசில் நிறுத்துங்கள். ஒருவன் ஏமாற்ற வருபவன், இன்னொருவன் ஆபத்தில் ஓடி வருபவன். இருவருக்கும் பதில் சொன்னால்தான் அது டிசைன். இல்லாவிட்டால் எங்களுடையது போல, கை தட்டு வாங்கும் பொம்மைதான்!