வாயை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்

அமெரிக்க கௌபாய் நாவல்களின் பழைய பேச்சுமொழி மறைந்துபோகிறது என்று நம் இலக்கிய அன்பர்கள் சிலர் உருகுகிறார்கள். "என்ன மண்வாசனை! என்ன உயிர்ப்பு! இந்தச் சொல்லெல்லாம் இன்னிக்கு யார் பேசுறா?" மறந்துபோன சொற்களுக்கு அகராதி போட்டுக் காப்பாத்தணுமாம். நல்லது, காப்பாத்துங்க. ஆனா ஒரு கேள்வி. அது யார் பேச்சு? மறந்தது யார்?

சொற்களையே கேட்போம். மாட்டை மடக்க வீசும் கயிறு 'லாரியட்'. அது ஸ்பானிய 'லா ரியாட்டா'. மாட்டுக்காரனுக்குப் பெயர் 'பக்கரூ'. அது மெக்சிகோ மாட்டுக்காரனைக் குறிக்கும் 'வக்கேரோ'. ஜெயிலைச் சொல்லும் 'ஹூஸ்கவ்', நீதிமன்றத்தைக் குறிக்கும் 'ஹுஸ்காதோ'விலிருந்து வந்தது. பயணத்தில் கடித்துக்கொள்ளும் 'ஜெர்க்கி' ஆண்டிஸ் மலைமக்களின் கெச்சுவா மொழிச் சொல். வேறொன்றுமில்லை, நம்ம வீட்டுக் கொடியில காயுற உப்புக்கண்டம்தான். எல்லாமே வெயிலில் காய்ந்து வேலை செய்தவர்களின் வாயில் புழங்கிய சொற்கள்.

இனி நாவலுக்கு வருவோம். இந்த வகைக்கே அச்சு வார்த்துக் கொடுத்தது 1902இல் வந்த 'தி வர்ஜீனியன்'. எழுதிய ஓவன் விஸ்டர் ஹார்வர்டில் படித்தவர். நாவலைக் காணிக்கையாக்கியது அப்போதைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு. நாயகன் வெள்ளையன். மாடோட்டியவர்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கிட்டிருக்கிறார்கள். டென்னசியில் அடிமையாகப் பிறந்த நாட் லவ், மாடோட்டிய தன் கதையைத் தானே எழுதி 1907இல் புத்தகமாக்கினார். காளையின் உதட்டைப் பல்லால் கவ்வி மண்ணில் சாய்க்கும் வித்தையைக் கொண்டுவந்தவர் பில் பிக்கெட் என்ற கறுப்பர். இவர்களுக்கு அந்த நாவல்களில் என்ன இடம்? சமையல்காரன், எடுபிடி, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. பேச்சு வேணும், பேசினவன் வேணாம்.

'மேவரிக்' என்ற சொல்லைப் பாருங்கள். யாருக்கும் கட்டுப்படாத சுதந்திரப் பிறவி என்று அர்த்தம். அரசியல்வாதிகளும் சினிமாக்காரர்களும் பெருமையாகச் சூட்டிக்கொள்ளும் பட்டம். மூலம் என்ன? டெக்சஸ் நிலவுடைமையாளர் சாமுவேல் மேவரிக். அவருடைய கன்றுகளுக்குச் சூடு போட்டுக் குறியிடவில்லை. குறியில்லாமல் திரிந்த கன்றுக்கு அவர் பெயரே ஆகிவந்தது. அந்த மந்தையைப் பார்த்துக்கொண்டது அவருடைய அடிமைக் குடும்பம். அடிமை மேய்த்தான், ஆண்டை பெயர் அகராதியில் ஏறியது, அர்த்தம் மட்டும் 'சுதந்திரம்'! இதைவிடக் கேவலமான பகடி உண்டா?

மறக்கப்படாத சொற்களும் உண்டு. பூர்வகுடிப் பெண்ணை இழிவாகச் சொல்லும் 'ஸ்குவா' அந்த நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது. மலைக்கும் ஓடைக்கும்கூட அதையே பெயராக வைத்தார்கள். லகூனா பூப்ளோ குடியைச் சேர்ந்த டெப் ஹாலண்ட் அமெரிக்க உள்துறைச் செயலராக வந்த பிறகுதான், 2022இல், ஏறத்தாழ 650 இடப்பெயர்களிலிருந்து அது நீக்கப்பட்டது. உழைப்பின் சொல்லை எடுத்துக்கொண்டு உழைத்தவன் பெயரை அழிப்பார்கள். வசையை மட்டும் அவன் தலையில் கட்டி மலையிலும் எழுதிவைப்பார்கள்.

இது எங்கேயோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன். உலகம் ஒதுக்கிய நாட்டைப் 'பரையா நாடு' என்று பத்திரிகைகள் இன்றைக்கும் கூச்சமில்லாமல் எழுதுகின்றன. அந்தச் சொல் எந்த மொழியிலிருந்து, எந்தச் சேரியிலிருந்து கப்பலேறியது என்று தெரியாதா உங்களுக்கு? அதை நீக்கச் சொல்லி எந்த இலக்கிய அன்பர் உருகினார்?

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது 'கொச்சை' என்று மூக்கைப் பொத்தியவர்களும் இருந்தார்கள். டெக்சஸ் மாட்டுக்காரன் பேசினால் மண்வாசனை, எங்க ஆத்தா பேசினால் கொச்சை. இது என்னய்யா நியாயம்? கடல் தாண்டிய அழுக்கு மட்டும் மணக்குமோ?

பற்றுவரவு எழுதிப் பழகியவன் சொல்கிறேன். எந்தக் கணக்கிலிருந்து எடுத்தோம் என்று குறிக்காமல் பணத்தை எடுத்தால் அதற்குப் பெயர் கையாடல். சொல்லுக்கும் அதுதான் நியாயம். அகராதி போடுங்கள், சொல்லுக்கு எதிரே அர்த்தம் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: சொன்னது யார், எடுத்தது யார்?

அந்தப் பத்தி இல்லாத அகராதி எங்களுக்கு வேண்டாம். எங்க பேச்சு மறந்துபோகவில்லை. நீங்க காது கொடுக்கலை, அவ்வளவுதான்.