நம் வாகனம்: எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும்

தம் இல்லத்து 1998ஆம் ஆண்டு மாருதி 800 காரைப் பற்றிக் கீழக்கரைச் சகோதரர் ஒருவர் விரிவாக எழுதியுள்ளார். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் குறைகிறதாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் தானாகவே மேலெழும்பி வருகிறது. எஞ்சினின் புறமெங்கும் கசிவு. பார்த்த மெக்கானிக், ‘ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். அவர் சொன்ன தொகை காரின் இன்றைய மதிப்பில் பாதிக்கு மேல். ஆகவே, கெட்டியான எண்ணெயை ஊற்றிக் குறையை மறைத்து, வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமா என வீட்டில் ஆலோசனை நடக்கிறது.

விற்பதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அவர் எழுதிய அடையாளங்கள் யாவும் ஒன்றையே சொல்கின்றன: எஞ்சினின் அடிவயிற்றில் அழுத்தம் கூடியிருக்கிறது. அந்த அழுத்தம் கூடுவதற்குக் காரணம் இரண்டு. உள்ளே வரும் வாயு மிகுந்திருக்கலாம். அல்லது வந்த வாயு வெளியேற வழியின்றி அடைபட்டிருக்கலாம். முன்னது பெருஞ்செலவு. பின்னது சில நூறு ரூபாய்க்குள் தீர்ந்துபோகும் வேலை. இவ்விரண்டில் எது என்று பிரித்தறியாமல் எஞ்சினில் ஸ்பேனர் வைப்பது முறையன்று.

பெட்ரோலும் காற்றும் எரிகையில் எழும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் அதனைத் தடுத்து நிறுத்தினும், புத்தம் புதிய எஞ்சினிலும் சிறிதளவு வாயு அவற்றைக் கடந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கவே செய்யும். இதனை ‘ப்ளோ பை’ என்பர். அதில் எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் கலந்திருக்கும். அது உள்ளேயே தங்கினால் எண்ணெய் கெட்டு, கருஞ்சேறாகும். அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். முற்காலக் கார்களில் இவ்வாயுவை ஒரு குழாய் வழியே சாலையில் விட்டுவிடுவார்கள். காற்று மாசுபடுவதைக் கண்டு, 1961இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் அதனை எஞ்சினுக்குள்ளேயே திருப்பி எரிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அதுவே பி.சி.வி. வால்வு.

கட்டைவிரல் அளவேயான பொருள் அது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும், முன்னும் பின்னும் நகரும் ஒரு சிறு தண்டும் உண்டு. வண்டி நின்றபடி ஐடிலிங்கில் ஓடுகையில் இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சுதல் பலமாக இருப்பதால் தண்டு இழுபட்டு வழி குறுகும்; ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேடேறுகையில் உறிஞ்சுதல் தளர்ந்து வழி அகலும். வெளியேறும் வாயுவுக்கு ஈடாக ஏர் ஃபில்டரிலிருந்து வேறொரு குழாய் தூய காற்றைக் கொண்டுவரும். வால்வு அடைபட்டால் வாயு இந்தக் குழாய் வழியே பின்னோக்கிப் பாய்ந்து எண்ணெயையும் உடன் இழுத்துச் செல்லும். சகோதரரின் ஏர் ஃபில்டர் பெட்டியில் எண்ணெய் தேங்கியது இவ்வழியேதான். போக மீதி அழுத்தம் கேஸ்கட்டுகளையும் ஆயில் சீல்களையும் பிதுக்கிக்கொண்டு வெளிவருகிறது.

சோதிப்பது எளிது. வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும்; மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. கைலி முனையும் சட்டைக் கையும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாதிருக்கட்டும். முதலில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இத்தனை கோளாறும் அதனாலேயே வருவதுண்டு. பின்பு, ராக்கர் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குச் செல்லும் குழாயைத் தொடர்ந்து போனால் வால்வு அகப்படும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடுகையில், ராக்கர் கவர்ப் பக்கத்து முனையைக் கழற்றி விரலால் மூடுங்கள். விரலைப் பற்றி இழுக்க வேண்டும். இழுக்கவில்லையேல் வால்வோ குழாயோ அடைபட்டது உறுதி. எஞ்சினை நிறுத்தி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கலகலவெனும் ஓசை கேட்க வேண்டும். ஓசை கேட்பதாலேயே நல்ல வால்வு என்று சொல்லிவிட முடியாது. கேட்காவிட்டால் அது பழுது என்பதில் ஐயமில்லை. கழுவிப் பார்ப்பதைவிடப் புதியது மாற்றுவதே மேல். குழாய்களையும் அமுக்கிப் பாருங்கள். வெளியே நன்றாகத் தோன்றும் ரப்பர் உள்ளே ஊதிப்போய் வழியை மூடியிருக்கும்.

வழி சீரானபின், தூய காற்றுக் குழாயை ஏர் ஃபில்டர் பக்கத்தில் கழற்றி, அதன் வாயில் மெல்லிய காகிதமொன்றைப் பிடியுங்கள். ஐடிலிங்கில் காகிதம் மெல்ல ஒட்டிக்கொண்டால், அல்ஹம்துலில்லாஹ், எஞ்சினை இறக்கத் தேவையில்லை. இடைவிடாமல் காகிதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் மட்டுமே ரிங் மீது சந்தேகம் கொள்ள வேண்டும்.

சைலன்ஸரில் நீலப்புகை உண்டா என்பதைச் சகோதரர் எழுதவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒருமுறை பொங்கி நின்றுவிடும் புகை, பெரும்பாலும் இறுகிப்போன வால்வு சீல்களால் வருவது. மேடேறுகையில் தொடர்ந்து வருவதே ரிங்கின் அடையாளம். இறுதித் தீர்ப்பைக் கம்ப்ரெஷன் சோதனையே அளிக்கும். எஞ்சின் சூடாயிருக்க, மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி அளவெடுப்பார்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. இச்சோதனையைச் செய்யாமல் எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எண்ணெய் வருகிறதென்று குழாயின் வாயில் கட்டை வைத்து அடைப்பவரிடமோ அறவே கொடுக்காதீர்கள்.

இனி விற்பனை. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என அவ்வியாபாரியிடம் வினவிய நிகழ்ச்சியை நாம் யாவரும் அறிவோம். கெட்டி எண்ணெய் சில வாரங்களே தாங்கும். அதன்பின் புகையப்போவது, சிறுகச் சிறுகச் சேமித்து அதே காரை வாங்கிய இன்னொரு குடும்பத்தின் வாசலில். ரிங் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் கம்ப்ரெஷன் அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்குபவர் கையில் கொடுங்கள். விலை குறையும், அந்தக் குறைவு அவருக்கு உரியது.

விற்காமல் வைத்துக்கொள்வதானால், புதிய வால்வு போட்ட நாளில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெய் எவ்வளவு குறைந்தது என எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், ரேடியேட்டர் தண்ணீர் காரணமின்றிக் குறைவதைப் பற்றிக் காண்போம்.