அம்பாசிடருக்கு மாற்று என்ஜின்: புதுப்பேட்டையில் கிடைக்கும், ஆர்.சி.யில் ஏறுமா?

கடலூர், சிதம்பரம் பக்கம் பழைய அம்பாசிடரை வாங்கி, என்ஜினை மாற்றி, புதுமாப்பிள்ளை மாதிரி ஜோடித்து ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசை தப்பில்லை. அவசரப்பட்டால் ஜெயில் வாசல் வரை போக நேரிடும்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மேற்கு வங்காளம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. அதனால் புது என்ஜினுக்கு வழியில்லை. எந்தப் பட்டறையில் கேட்டாலும் கைகாட்டுவது சென்னை புதுப்பேட்டையைத்தான். அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிய கார் சாமான்கள் குவிந்து கிடக்கும் இடம் அது.

மறுபடி பஸ்

பழைய 1,489 சி.சி. என்ஜினை இறக்கிவிட்டு, 1,817 சி.சி. இசுசு என்ஜினை ஏற்றினால் வண்டி பறக்கும். ஆனால் என்ஜின் மட்டும் போதாது. கியர் பாக்ஸ், மவுண்டிங், ரேடியேட்டர், சைலன்சர் பைப் எல்லாம் பொருந்த வேண்டும். புரொப்பல்லர் ஷாப்ட் நீளமும் ஒத்துவர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுபடி சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

சாமான் கிடைத்துவிடும். சிக்கல் காகிதத்தில்தான்.

ஆர்.சி.யில் உள்ள விவரம், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் 9-1-2019 அன்று இதையே உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அதே ரக என்ஜின் என்றால், ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்.

திருட்டு என்ஜின்

இன்னொரு கண்டமும் இருக்கு. மலிவாக வந்த என்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால்? தெரிந்தே வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை தண்டனை உண்டு. தெரியாமல் வாங்கினாலும் போலீஸ் நிலையத்துக்கு அலைச்சல்தான், என்ஜினும் போய்விடும்.

எப்படியும் ஒளிக்க முடியாது. 15 ஆண்டு முடிந்த காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியைப் பார்ப்பார்கள். நம்பர் மாறியிருந்தால் குட்டு வெளிப்படும். 2014-ல் பதிவான கடைசிக் கார்களுக்கும் 2029-ல் அந்த நாள் வரும்.

ஆகவே முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம் புதுப்பேட்டை, கடைசியாகத்தான் பட்டறை. வாங்கும்போது என்ஜின் நம்பர் எழுதிய ரசீதும், அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேளுங்கள். தர மறுக்கிறாரா? விலை எவ்வளவு மலிவானாலும் அந்த என்ஜினைத் தொடாதீர்கள்!