இங்கிலீஷுக்குப் பாடு போட்டது யார்?

வெளிநாட்டு வேலை என்றாலே நம்ம வகுப்பில் துபாய், சிங்கப்பூர் பேச்சுதான். தென்கொரியாவில் வேறொரு வேலை இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு முகாம் போட்டு இங்கிலீஷ் பேசப் பழக்கும் வேலை. சம்பளத்தோடு பெரும்பாலும் தங்க இடமும் உண்டு.

கொரியாக்காரரின் இங்கிலீஷ் மோகம் சாதாரணமானதல்ல. நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வில் இங்கிலீஷைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி ஒன்று வரும். அந்த அரைமணி நேரத்துக்கு நாடு முழுக்க விமானம் ஏறாது, இறங்காது! (நம்ம பரீட்சை ஹால் பக்கத்துல கல்யாண ஸ்பீக்கரையே நிறுத்த முடியலை.) 2006-இல் பாஜு நகரில் 'இங்கிலீஷ் கிராமம்' என்றே ஒன்றைத் திறந்தார்கள். கடை, வங்கி, இமிக்ரேஷன் கவுண்டர் எல்லாம் விளையாட்டுக்கு வைத்து, பேசிப் பேசியே பழக வைத்தார்கள்.

சரி, ஆசிரியராக யார் போகலாம்? அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழு நாட்டு பாஸ்போர்ட்காரருக்குத்தான் அந்த விசா. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது இங்கிலீஷே இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட் செல்லும். 2010-இல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நமக்கும் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. பட்டமும், இங்கிலீஷ் ஆசிரியர் தகுதியும் இருந்தால் பள்ளியில் 'உதவி' ஆசிரியராகலாம். உதவி மட்டும்தான்!

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு இது புதுசில்லை. எங்க பக்கம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கிற இடத்தில் முறை வைத்து வலை போடும் உரிமை அது. அந்தத் தலைக்கட்டில் பிறந்தவனுக்கே பாடு. எங்க குடும்பத்துக்கு அது கிடையாது. அப்பா கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார். ஏரியில்தான் அப்படி என்றால், மொழியிலுமா பாடு?

1613-இல் டச்சுக்காரன் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டினான். அவனோடு விலை பேசின துபாஷிகள் எந்த முகாமில் படித்தார்கள்? இன்றைக்கும் பூநாரை பார்க்க வரும் வெளியூர்க்காரரிடம் எங்க பையன்கள் தமிழ், தெலுங்கு, பாதி இங்கிலீஷ் எல்லாம் கலந்து கூச்சமில்லாமல் பேசுவான். வகுப்பறைக்கு வந்தால் அதே பையன் ஊமை. ஏன்? அங்கே தப்பு வந்தால் சிரிப்பார்கள். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இங்கிலீஷ் பாடப் புத்தகத்தைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம்.

ஆகவே கொரியாக்காரரின் முகாம் எனக்குப் பிடிக்கிறது. பாஸ்போர்ட் விதி பிடிக்கலை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்ததே, அங்கே கொரிய எஞ்சினியரும் நம்ம டிப்ளமோக்காரனும் எதில் பேசிக்கொண்டார்கள்? இரண்டு பேருக்குமே தாய்மொழி இல்லாத இங்கிலீஷில்தான்! அதில் இலக்கணம் இடிக்கும். ஆனால் மெஷின் ஓடியது.

மே விடுமுறையில் நம்ம மாணவர் பேரவை பத்து நாள் முகாம் ஒன்றை ஏதாவது ஒரு குப்பத்தில் போடலாமே? மீன் ஏலக் கூடத்தையே வகுப்பாக்குவோம். எடை, விலை, ஐஸ், வலை, எஞ்சின் பழுது எல்லாவற்றையும் பிள்ளைகள் இங்கிலீஷில் கேட்டு வாங்கட்டும். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் ஒரு போட் எஞ்சினைக் கழற்றிக் காட்டினால் போதும், கூட்டம் தானாக வரும். மதியச் சாப்பாட்டுக்கு எங்க அம்மா பொறுப்பு; இறால் குழம்பு. வர விருப்பமுள்ளவர்கள் பேரவைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பெயரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது.